பேசிக்கொண்டே ஓடுகிற வேகம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. நாற்பத்தோராவது வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. நோய் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கிறது, அந்த மீதத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். வீட்டுக்கு அருகில் இருக்கும் கண்மாய்க்கரையில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமாகி, ஓராண்டில் 10 கி.மீ. நிற்காமல் ஓடும் அளவுக்கு வந்துசேர்ந்தது. "யாரு டீச்சரம்மா தொரத்துறா?" என்று மாடு ஓட்டிவரும் பெரியவர் தினமும் கேட்பார். முதல் மாதம் கூச்சமாக இருந்தது. பிறகு அவர் கேட்காத நாளில் ஏதோ குறைந்ததுபோல் தோன்றியது.

கடந்த ஆண்டு ஜூன் மாதம், சென்னையில் ஜனவரி முதல் வாரத்தில் நடக்கும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று பதினோராம் வகுப்பில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிகாலை சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த இரண்டு பையன்கள் கரையில் நின்றார்கள். அந்த வாரத்துக்குள் மொத்தம் ஏழு பேர் சேர்ந்தார்கள்: நான்கு பையன்கள், மூன்று பெண்கள். எல்லோருமே பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதால் யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை.

மாரத்தான் என்றால் நீண்ட ஓட்டம் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை. 42.195 கி.மீ. என்று நான் சொன்னதும், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 195 மீட்டர் எதற்கு என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. அளவீட்டுத் துல்லியம் பற்றி வகுப்பெடுக்கும் எனக்கும் அது பிடித்த கேள்வி. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டத்தை வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, வொயிட் சிட்டி அரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அப்போது அமைந்த தூரத்தையே 1921இல் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு நிலையான தூரமாக ஏற்றுக்கொண்டது. "ராஜா வீட்டு வாசலுக்காக உலகமே கூடுதலா ஓடுதா டீச்சர்?" என்று கேட்டான் வகுப்பிலேயே நெட்டையான பையன்.

முழு மாரத்தானில் ஓடுவதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அவர்கள் 10 கி.மீ. பிரிவில்தான் ஓட முடியும். நெட்டையனுக்கு அது அவமானமாகப் பட்டது. வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் முனைகளில் மென்மையான வளர்ச்சிப் பகுதி இருப்பதையும், அத்தனை மாதப் பயிற்சியின் அடியை அது தாங்க வேண்டியிருப்பதையும் விளக்கிச் சொன்னேன், அவன் நம்பவில்லை. பெற்றோரின் சம்மதக் கடிதம், தலைமையாசிரியரின் அனுமதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனை ஆகியவை முடிய ஜூலை பிறந்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியர் மகிழ்ச்சியோடு உடன் வந்தார். அவருடைய பாடவேளையை 'ஒரே ஒரு அலகு பாக்கி' என்று எத்தனையோ முறை வாங்கிக்கொண்டவள் நான். அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை என்பதைப் பதிவுசெய்துவிடுகிறேன்.

முதல் நாள் நடந்தது இன்றும் கண்முன் நிற்கிறது. 'ஓடலாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் ஏழு பேரும் அம்பாகப் பாய்ந்தார்கள். சுமார் அறுநூறு மீட்டர் தொலைவில் இருந்த மடையை நான் மெதுவாக எட்டியபோது ஐந்து பேர் அதன்மீது அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், நெட்டையன் மட்டும் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் எங்கோ நின்றுவிட்டிருந்தான். அவர்களைக் குறைசொல்ல முடியாது. விளையாட்டு விழாவில் அவர்கள் பார்த்ததெல்லாம் நூறு மீட்டரும் இருநூறு மீட்டரும்தான். வகுப்பறையிலும் யார் முதலில் கை தூக்குகிறார்கள், யார் முதலில் கணக்கை முடிக்கிறார்கள் என்றே பதினோரு ஆண்டுகளாக நாங்கள் பார்த்துவந்திருக்கிறோம். மெதுவாகச் செய்வது ஒரு திறமை என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை; நானும் சொன்னதில்லை.

ஆகவே ஒரே ஒரு விதி வைத்தேன்: ஓடும்போது பக்கத்தில் இருப்பவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். உடனே குறைக்க வேண்டும். இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் எங்களில் எவரிடமும் இல்லை, அது தேவைப்படவும் இல்லை. இந்த வேகத்தில் தசைக்குத் தேவையான ஆக்சிஜன் தடையின்றிக் கிடைப்பதால் உடல் கொழுப்பையும் சேர்த்து எரிக்கப் பழகுகிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசைகளில் நுண் இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. உயிரியல் பிரிவில் படிக்கும் பெண் இதைக் கேட்டுவிட்டு, "புத்தகத்துல இருக்கிற அதே மைட்டோகாண்ட்ரியாவா?" என்று வியந்தாள். வேறெதுவாக இருக்க முடியும் என்று சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மெதுவாக ஓடுவதால் யார் ஜெயிப்பார்கள் என்று நெட்டையன் வாதிட்டபோது, நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் பற்றிச் சொன்னேன். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், எவ்வளவு தூரம் எவ்வளவு வேகத்தில் ஓடினால் உடல் தேறும் என்பதைப் பல ஆண்டுகள் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர். 1950இல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியின் (இன்றைய காமன்வெல்த் போட்டி) மாரத்தானில் தாமே ஓடியவர். தம் பகுதி இளைஞர்களை அழைத்துக்கொண்டு வாரத்துக்கு நூறு மைல் கணக்கில் சேர்ந்தே ஓடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். பேரி மகீ மாரத்தானில் வெண்கலம் வென்றார். 800 மீட்டர் ஓடுபவனுக்கு நூறு மைல் எதற்கு என்பதுதான் நெட்டையனைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. மறுநாள் முதல் அவன் எங்களோடு சேர்ந்தே ஓடினான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

பேச வேண்டும் என்று விதி வைத்த நான், அவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்திருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் சினிமாவும் கிரிக்கெட்டும் ஓடின. மூன்றாவது வாரத்தில் அவை தீர்ந்துபோயின. பிறகுதான் மற்றவை வரத் தொடங்கின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் எதிரே இருக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டு, இருட்டு மெல்ல விலகும் நேரத்தில் பேசும்போது, ஆசிரியர் அறையில் எதிரில் நிறுத்திவைத்து எத்தனை முறை கேட்டாலும் வராத சொற்கள் தாமாக வருகின்றன. எட்டாம் வகுப்பிலிருந்தே 'விசை' என்ற சொல்லின் பொருள் தனக்குப் புரிந்ததில்லை என்று ஒருவன் சொன்னான். என்னிடம் எழுபது மதிப்பெண் வாங்குகிறவன் அவன். அப்பா திருப்பூருக்குப் போய் எட்டு மாதமாகப் பணமும் வரவில்லை, போனும் வரவில்லை என்று இன்னொருவன் சொன்னான். அவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் கேட்டபோது ஆசிரியையாக நான் செய்திருக்க வேண்டியது அறிவுரை சொல்வது. ஆனால் ஏழு பேரையும்விட எனக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. ஏற்றத்தில் என்னால் "உம்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அந்த "உம்"மைக் கேட்டுக்கொண்டு அவர்கள் மேலும் பேசினார்கள். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் மாணவர் ஒருவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கிடாமல் இருந்தது, பெரும்பாலும் மூச்சுப் பற்றாக்குறையால்தான் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், பெண்களில் ஒல்லியானவள் தொடர்ந்து பின்தங்கிக்கொண்டிருந்ததால் அவளோடு நடந்தேன். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தான் ஒருநாளும் விழுங்கியதில்லை என்றும், வாயில் போட்டுக்கொண்டு சன்னல் வழியாகத் துப்பிவிடுவதாகவும் அவள் சொன்னாள். காரணம் குறும்பல்ல, வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது, காலையில் அவள் எதுவும் சாப்பிட்டு வருவதில்லை. அன்று பள்ளிக்குப் போனதும் அந்தச் சன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். முந்தைய இரவு பெய்த மழையில் கரைந்து, சுவரோரச் செம்மண்ணில் நீலத் திட்டுகள் படிந்திருந்தன. அவை ஒரு பிள்ளையுடையவை மட்டுமல்ல.

இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒரு பயிற்சி வகுப்பில் பேசியும் இருக்கிறேன். சுகாதார நிலையத்தில் பார்த்தபோது இவளுக்கு ஹீமோகுளோபின் 8.9. ஜூலையில் எல்லோருக்கும் செய்த பரிசோதனையில் எடையும் இரத்த அழுத்தமும் மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம். இரத்தம் எடுக்கச் சொல்லாதது என் தவறு. அவள் ஓட்டத்தை நிறுத்தி நடக்க மட்டும் செய்தாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொண்டாள்.

காலை உணவு என்பது தனிக் கதை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புவரை. மதிய உணவு பத்தாம் வகுப்புவரை. பதினோராம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு இரண்டு வேளையும் பள்ளியில் கிடையாது, அதுவும் அதிகம் பசிக்கிற வயதில். நான் முதல்நாள் இரவே கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஊறவைத்து, ஓட்டம் முடிந்ததும் சுண்டலும் ஆளுக்கொரு வாழைப்பழமும் கொடுக்கத் தொடங்கினேன். உடற்கல்வி ஆசிரியர் வாரம் இருமுறை முட்டை கொண்டுவந்தார். பால் ஊற்றும் பையன்கள் நீராகாரம் கொண்டுவந்தார்கள். உப்பும் நீரும் சோறும் கலந்த அதைவிட நல்ல பானத்தை இந்தப் பயிற்சிக் காலம் முழுவதும் நான் குடிக்கவில்லை.

காலணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பேரிடம் ஓடுவதற்கேற்ற காலணி இல்லை. கண்மாய்க்கரையின் மண்ணில் அவர்கள் வெறுங்காலோடு என்னைவிட அழகாக ஓடினார்கள். 1960இல் பேரி மகீ மூன்றாவதாக வந்த அதே ரோம் மாரத்தானில், எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். காலில் டேப் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிய சிவ்நாத் சிங், 1978இல் ஜாலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி வைத்த இந்தியச் சாதனை பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. எங்கள் மாவட்டத்து கோ. இலட்சுமணன் 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். இந்தப் பெயர்களைச் சொல்லிப் பையன்களை உற்சாகப்படுத்தியது நானேதான், அதனால் தார்ச்சாலைக்கு மாறிய பிறகு "பிகிலா போட்டாரா?" என்று கேட்டுக் காலணியை மறுத்தவனிடம், அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, முன்பைவிடக் குறைந்த நேரத்தில் மறுபடியும் வென்றார் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. புதுக் காலணி கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்தபோது அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கரை சேறாகிவிட்டதால் தைலமரக் காட்டை ஒட்டிய சாலைக்கு மாறினோம். நாய்த் தொல்லை, வழுக்கல், இரண்டு பெண்களின் வீட்டில் எழுந்த எதிர்ப்பு, 'மார்க் குறைந்தால் யார் பொறுப்பு' என்று ஆசிரியர் அறையில் கேட்கப்பட்ட கேள்வி என்று அந்த இரண்டு மாதங்கள் கழிந்தன. அவற்றை விவரிக்க ஆசையில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டங்கள் மட்டும் எனக்கு மறக்காது. அவர்கள் 6 அல்லது 8 கி.மீ.யோடு நிறுத்திக்கொள்ள, நான் 24, 28, 32 என்று தொடர வேண்டியிருந்தது. வெயிலேறும் சாலையில் டீச்சரைத் தனியாக விடக் கூடாது என்று அவர்களாகவே முடிவுசெய்து, அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகளில் முறைவைத்து என் கூடவே வந்தார்கள். முன்கூடையில் தண்ணீர்ப் புட்டி, உப்பு சர்க்கரைக் கரைசல், கடலை மிட்டாய். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்ததையும், அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம் என்பதையும் சொல்லி, தாகத்துக்கு மட்டும் குடிப்பேன் என்று அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன்.

டிசம்பரில் வகுப்பிலேயே ஒரு கணக்குப் போட்டோம். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. டீச்சரின் எடை 62 கிலோ. ஆக முழு ஓட்டத்துக்கு 2,600 வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் 2,000. இரண்டாயிரத்தை அறுபத்திரண்டால் வகுத்தான் நெட்டையன். "32ஆவது கிலோமீட்டர்ல நின்னுருவீங்க டீச்சர்." கொழுப்பும் கூடவே எரிவதால் கணக்கு அவ்வளவு நேரானது அல்ல என்று திருத்தினேன். அந்த எண் மட்டும் எல்லோருக்கும் மனத்தில் பதிந்துவிட்டது.

இராமேசுவரத்திலிருந்து வரும் ரயிலில் ஏறி, திருவல்லிக்கேணியில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் தங்கினோம். உடற்கல்வி ஆசிரியரும் தமிழாசிரியை ஒருவரும் உடன் வந்தார்கள். எனக்கு ஓட்டம் அதிகாலை 4 மணிக்கு, பிள்ளைகளுக்கு 6 மணிக்கு. இருளில் காமராஜர் சாலையும் கலங்கரை விளக்கமும் சாந்தோம் தேவாலயமும் கடந்துபோயின. கடல் தெரியவில்லை, அதன் உப்புக்காற்று மட்டும் பிசுபிசுத்தது. இருபது கி.மீ. வரை நான் உற்சாகமாகவே இருந்தேன்.

32ஐத் தாண்டிவிட்டேன். 33இல் கால் நின்றது. வெயில் ஏறியிருந்தது, தொடைத் தசைகள் கல்லாகியிருந்தன, மிட்டாயை மெல்லக்கூட வாய் ஒத்துழைக்கவில்லை. ஆறு மாதமாகப் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே வந்த எனக்கு, அந்த அமைதிதான் தசை வலியைவிடக் கொடுமையாக இருந்தது. பக்கத்தில் அறுபது வயதிருக்கும் ஒருவர், என்னைப் போலவே நடையும் ஓட்டமுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தார். "பேசிக்கிட்டே போலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தம் நூற்பாலை வேலையைப் பற்றி இரண்டு கி.மீ. பேசினார். அவர் ஓய்ந்தபோது நான் பேசினேன். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் முதலில் ஒரு விரலும் பிறகு பாதமும் எடுக்க நேர்ந்ததை, கடைசி ஆண்டில் அவர் சன்னலோரம் அமர்ந்து தெருவில் நடந்துபோகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததை, பரிசோதனைத் தாளில் 6.2 என்று கண்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சன்னல்தான் என்பதை. அதுவரை யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் "உம்" என்றார்.

5 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். கோட்டுக்கு அப்பால் ஏழு பேரும் நின்றார்கள். அவர்களுடைய ஓட்டம் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. முதல் மூன்று கி.மீ.யைக் காற்றாய்க் கடந்த நெட்டையனை ஏழாவது கி.மீ.யில் உயிரியல் பெண் பேசிக்கொண்டே முந்திச் சென்றிருக்கிறாள். யாரிடம் பேசினாள் என்று கேட்டால், அவனிடம்தானாம். நவம்பரில் மருத்துவர் அனுமதித்த பிறகு மறுபடி ஓடத் தொடங்கிய ஒல்லிப் பெண், ஹீமோகுளோபின் 11.2ஐ எட்டியிருந்த நிலையில், ஏழு பேரில் கடைசியாக வந்தாள். அவள் மட்டும்தான் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார்.

திங்கட்கிழமை இயற்பியல் ஆய்வகத்தின் மாடிப்படியில் நான் பின்னோக்கி இறங்கியதைப் பள்ளியே பார்த்துச் சிரித்தது. அதற்கு முந்தைய இரவு ரயிலில் அந்த ஒல்லிப் பெண், "முப்பத்திரண்டுக்கு அப்புறம் எப்படி டீச்சர் வந்தீங்க?" என்று கேட்டிருந்தாள். பேசிக்கொண்டே வந்தேன் என்றேன். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். ஊருக்குப் போய் ஓடும்போது சொல்கிறேன் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை கழிந்து கரை காய்ந்த பிறகு, மடையைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் அவளிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நேரே பார்த்து ஓடிக்கொண்டிருந்தவள், "உம்" என்றாள்.